போகும் என்றொரு ஊர்

நான் இருக்கும் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் ‘போகும்’ என்றுதான் வரும். ஜெர்மனியின் ரூர் பகுதியில், டார்ட்முண்டுக்கும் எஸ்ஸனுக்கும் நடுவில் இருக்கிறது. படிக்க வந்த புதிதில் போனில் முகவரி சொன்னபோது, “ஊர்ப் பேரே போகும்னா அங்க எதுடா நிக்கும்?” என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு அது வெறும் சிரிப்பு. பிறகு இந்த ஊரின் கதை ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ, அம்மா தெரிந்தேதான் கேட்டாளோ என்று தோன்ற ஆரம்பித்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் போயின, கடைசிச் சுரங்கம் 1973-இல். நோக்கியா 2008-இல் போனது. ஓப்பல் கார் ஆலை 2014-இல் போனது.

சிப் செய்யும் அமெரிக்கக் கம்பெனி இன்டெல், கிழக்கு ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் அரசு மானியத்தோடு கட்டவிருந்த ஆலைத் திட்டத்தை 2025 ஜூலையில் ஒரேயடியாகக் கைவிட்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லை. நான் வழக்கம்போல என் பழைய தீர்ப்பைச் சொன்னேன்: மானியத்துக்காக வருகிறவன் மானியம் தீர்ந்ததும் போய்விடுவான், அரசாங்கம் தொழிற்சாலைகளுக்குப் பணம் கொடுப்பதே வீண். பல வருடமாக இதைச் சொல்லி வருகிறேன், சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். அதே வாரத்தில் அந்தப் பெருமையில் ஓட்டை விழுந்தது. போட்டவர் ஒரு பெட்டிக்கடைக்காரம்மா.

ரூர் பகுதியில் தெருவுக்கு ஒரு பெட்டிக்கடை உண்டு. இங்கே ‘பூடெ’ என்பார்கள். ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் பீர், சிகரெட், செய்தித்தாள், கண்ணாடி ஜாடிகளில் பிள்ளைகளுக்கான புளிப்பு மிட்டாய், காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் ஷிஃப்ட் போகிறவர்களை நம்பி முளைத்த கடைகள். ரீம்கெ பகுதியில் நான் காபி வாங்கும் கடையை நடத்துகிற அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னை ‘இளைஞரே’ என்றுதான் கூப்பிடுவார். அவர் சொல்லும் தொனியில் என் காதுக்கு அது ‘தம்பி’ என்றே விழும். அன்று சில்லறை தேடி இழுப்பறையைத் திறந்தவர், அடியில் கிடந்த ஒரு ரயில் கால அட்டவணையை எடுத்து மேலே போட்டார். மஞ்சளேறிய தாள், மடிப்பில் கிழிசல், டேப் போட்டு ஒட்டியது. நிறுத்தங்களின் வரிசையில் ஒரு பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன்: ‘போகும் நோக்கியா’.

இங்கிருந்து கெல்சன்கிர்ஷன் போகும் அந்தச் சின்ன ரயில் பாதைக்கே ‘நோக்கியா பாதை’ என்று பெயர் இருந்ததாம். கம்பெனி போன பிறகு நிறுத்தத்துக்கு ரீம்கெ என்று ஊர்ப் பெயரை வைத்தார்கள். பாதைக்கு ‘க்ளூக்அவ்ஃப் பாதை’ என்று பெயர் மாற்றினார்கள். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு இங்கே சொல்லும் வாழ்த்து அது, நல்லபடியாக மேலே வந்து சேர் என்ற பொருளில். போனை இழந்த ஊர், பெயர் வைக்க அதற்கு முன்பே இழந்த கரியிடம் திரும்பிப் போயிருக்கிறது. அந்த ரயிலில் எத்தனை தடவை போயிருப்பேன், ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

88 மில்லியன்

நோக்கியா கதையின் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரீம்கெயில் முன்பு தொலைக்காட்சிப் பெட்டி செய்த ஆலை அது. 1988-இல் நோக்கியா கைக்கு வந்தது, பிறகு கைப்பேசி ஆலையானது. மாநில அரசு சுமார் 60 மில்லியன் யூரோ, மத்திய அரசு ஆராய்ச்சிக்கென்று 28 மில்லியன், ஆக 88 மில்லியன் மானியம். 2008 ஜனவரி 15 அன்று, ஆலையை மூடப்போகிறோம், உற்பத்தி ருமேனியாவில் க்ளூஜ் நகருக்குப் பக்கத்தில் ஜூகு என்ற இடத்துக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். வேலை போவது 2,300 பேருக்கு. ஒன்பது நாள் கழித்து அதே கம்பெனி, முந்தைய ஆண்டில் 720 கோடி யூரோ லாபம் என்று கணக்குக் காட்டியது. நஷ்டத்தில் மூடியிருந்தால் ஊர் அழுதிருக்கும். லாபத்தில் மூடியதால் கொதித்தது. நிதியமைச்சர் ஸ்டைன்ப்ரூக், இது கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் வணிகக் கூட்டத்தின் முதலாளித்துவம் என்றார். வேளாண் அமைச்சர் சேஹோஃபர் தன் நோக்கியா போனைத் தூக்கிப் போடப்போவதாக அறிவித்தார்.

எனக்கு சுவாரசியமாகப் பட்டது கோபத்தைவிட ஒப்பந்தம்தான். மாநில மானியத்தில் ஒரு நிபந்தனைக் காலம் உண்டு: இத்தனை பேருக்கு இத்தனை வருடம் வேலை கொடுத்திருக்க வேண்டும். அந்தக் காலம் 2006 செப்டம்பரில் முடிந்துவிட்டது. மூடுவதாக அறிவித்தது அதற்குப் பதினாறு மாதம் கழித்து. அதனால் ‘ஏன் போகிறாய்’ என்று சட்டப்படி கேட்க அரசிடம் எதுவும் மிச்சமில்லை. அதிகாரிகள் பழைய கோப்புகளைத் தோண்டி, நிபந்தனைக் காலத்திலேயே சொன்ன எண்ணிக்கையில் ஆள் இல்லை என்று கண்டுபிடித்து, 41 மில்லியனையும் வட்டியையும் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் சமரசம். பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக, ஊரில் புதுத் தொழில்களை வளர்க்கும் திட்டமொன்றுக்கு நோக்கியா 20 மில்லியன் கொடுத்தது. தொழிலாளர்களுக்கு இழப்பீடாக 200 மில்லியன் தனியே. வேலை போனவர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாக்கல் நிதியிலிருந்தும் ஐந்தரை மில்லியன் வந்தது. அதே நிதி பிறகு ஜூகுவை விட்டு நோக்கியா போனபோது ருமேனியாவுக்கும், சாலோவை விட்டுப் போனபோது பின்லாந்துக்கும் உதவியது. ஒரே கம்பெனி காலி செய்த மூன்று வீடுகளை ஒன்றியம் கூட்டிப் பெருக்கியது என்று சொல்லலாம்.

இந்த 88 மில்லியனை அன்றைக்கு நாடே பெருந்தொகையாகப் பேசியது. தலைக்கு வகுத்தால் சுமார் 38,000 யூரோ. இன்டெலுக்குத் தருவதாக 2023 ஜூனில் கையெழுத்தானது 9.9 பில்லியன், எதிர்பார்த்த வேலைகள் 3,000. வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு 33 லட்சம் யூரோ. ட்ரெஸ்டனில் தைவானின் டி.எஸ்.எம்.சி, போஷ், இன்ஃபினியான், என்.எக்ஸ்.பி கூட்டாக எழுப்பும் சிப் ஆலைக்கு 5 பில்லியன், வேலை சுமார் 2,000. சிப் ஆலையைத் தலைக்கணக்கில் அளப்பது நியாயமில்லை, அதற்குக் கொடுப்பது வேலைக்காக மட்டுமில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கொரோனா காலத்தில் சிப் இல்லாமல் கார் ஆலைகள் நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அரசியல்வாதி மேடையில் சொல்வது என்னவோ வேலைக்கணக்கைத்தான்.

இத்தனைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் 107-ஆம் பிரிவு இருக்கிறது. போட்டியைக் கெடுக்கும் அரசு உதவி பொதுச் சந்தைக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒன்றியத்தின் ஆணையம் சம்மதிக்காமல் பெரிய உதவி எதையும் ஒரு நாடு கொடுக்க முடியாது. அந்தக் கதவு கொரோனாவில் கொஞ்சம் திறந்தது, உக்ரைன் போரில் இன்னும் கொஞ்சம், உள்நாட்டில் ஆலை போடுகிறவர்களுக்கு வரிச்சலுகையும் மானியமும் தரும் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தோடு அமெரிக்கா வந்ததும் முழுக்க. வெளிநாடு ஒரு கம்பெனிக்கு எவ்வளவு தருமோ அவ்வளவை நாங்களும் தரலாம் என்று 2023-இல் விதி எழுதினார்கள். விதியைத் தளர்த்தினால் லாபம் யாருக்கு? பை கனமாக இருப்பவருக்குத்தான். 2023 தொடக்கத்தில், போருக்குப் பிறகு ஒப்புதல் கிடைத்த 672 பில்லியனில் 53 சதவீதம் ஜெர்மனி, 24 சதவீதம் பிரான்ஸ் என்று போட்டி ஆணையர் வெஸ்டேயரே உறுப்பு நாடுகளுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். மீதி 25 நாடுகளும் எஞ்சியதில்தான்.

இருபது, எட்டு, நான்கு

கடைக்காரம்மாவிடம் திரும்புவோம். அட்டவணையைப் பார்த்துவிட்டு, “இந்தக் கம்பெனி எங்கள் ஊருக்கும் வந்தது” என்றேன். காபி இயந்திரத்தின் பக்கம் திரும்பியிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம். 2006-இல் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். விடிகாலையில் கம்பெனி பஸ்கள் வரும். எங்கள் தெருவிலிருந்தே அக்காமார் சிலர் கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறிப் போவார்கள். டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்கிற அந்த வரிசைதான் எனக்கு ‘தொழில் வளர்ச்சி’ என்ற சொல்லின் முதல் படம். அங்கேயும் நிலம், வரி திருப்பித் தரும் ஒப்பந்தம் என்று அரசு நிறையவே கொடுத்தது. பிறகு வரித் தகராறு, வழக்கு, சொத்து முடக்கம், கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது அந்த ஆலை மட்டும் வெளியே நின்றது, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எத்தனை வருஷம் இருந்தான்?”

“எட்டு.”

“எங்களுக்கு இருபது. ருமேனியாக்காரர்களுக்கு?”

நான்குகூட முழுதாக இல்லை. 2008 பிப்ரவரியில் திறந்து, 2011 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொல்லி, அந்த ஆண்டோடு காலி செய்தார்கள். சொன்னதும் விரல் விட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்து, “இருபது, எட்டு, நான்கு. அடுத்தது இரண்டாக இருக்கும், நாட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அதற்குத்தான் சொல்கிறேன், மானியமே வீண் என்று என் தீர்ப்பை ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“வீணா? தம்பி, அந்தப் பணம் இந்த ஜன்னல் வழியாகத்தான் போனது. ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு ரொட்டி தடவியிருக்கிறேன். என் மகனுக்குப் படிப்பு, மேலே கூரை, எல்லாம் அதில்தான். இருபது வருஷம் ஒரு தெரு சாப்பிட்டது என்றால் அது வீண் இல்லை.” பிறகு துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “தப்பு பணம் கொடுத்ததில் இல்லை. குடியிருக்க வந்தவனுக்கு நாமே வாடகை கொடுத்தோம். அதுகூடப் பரவாயில்லை. போகும்போது எதை விட்டுவிட்டுப் போவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை தலை, எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.”

காபி ஆறிவிட்டது. எட்டு வருடப் பஸ் வரிசையை ‘வீண்’ என்று எங்கள் தெரு அக்காமார் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியுமா? அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தவர்கள் உண்டு, கல்யாணத்துக்கு நகை சேர்த்தவர்கள் உண்டு. என் தீர்ப்பு, எங்கேயோ தூரத்தில் நின்று மொத்தமாகக் கணக்குப் பார்க்கிறவனின் தீர்ப்பு. ஜூகுவைப் பற்றிய போகும்காரர்களின் கோபத்திலும் அதே கோளாறு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஜூகுவும் அதே ஒன்றியத்துக்குள்தான் இருக்கிறது. அங்கே ஒரு தெரு கிட்டத்தட்ட நான்கு வருடம் சாப்பிட்டது.

நின்றது எது

அவர் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்த்தேன். போகும்போது எதை விட்டுவிட்டுப் போனார்கள்? நோக்கியா ஆலை இருந்த இடத்தில் இன்று அலுவலகங்களும் சிறு நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் ஆலையோடு ஓர் ஆராய்ச்சிப் பிரிவும் இருந்தது. நோக்கியா அதையும் கைவிட்டபோது பிளாக்பெரி அந்த ஆண்டே ஊருக்குள் வந்து அந்தப் பொறியாளர்களில் பலரை அள்ளிக்கொண்டது. பிளாக்பெரி தேய்ந்ததும் 2014-இல் அந்த மையத்தை ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. இன்று அதே கூட்டம், புதிய ஆட்களோடு, கார்களுக்குள் இருக்கும் திரைக்கும் தகவல் தொடர்புக்கும் மென்பொருள் எழுதுகிறது. உட்கார்ந்து எழுதுகிற இடம் பழைய ஓப்பல் ஆலை நிலம். முதலாளி மூன்று பேர் மாறினார்கள், வேலைக்காரர்கள் ஊரை விட்டு நகரவில்லை.

ஓப்பல் நிலத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. டானன்பாவ்ம் என்ற சுரங்கம் மூடிய இடத்தில் 1962-இல் அந்த ஆலை கார் செய்யத் தொடங்கியது. உச்சத்தில் 20,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அதே காலத்தில், கரி போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த மாநில அரசு, ஊருக்குத் தெற்கே குன்றின்மேல் பெரிய பெரிய கான்கிரீட் கட்டடங்களாக ஒரு பல்கலைக்கழகம் கட்டியது. 1965-இல் வகுப்புகள் தொடங்கின. பார்க்க அவ்வளவு அழகில்லை, மழை நாளில் இன்னும் மோசம், நான் அங்கேதான் படித்தேன். அதைத் தொழிற்கொள்கை என்று யாரும் அழைத்ததில்லை. அந்த மாநில அரசு செய்த தொழில் முதலீடுகளிலேயே போகாமல் நின்றது அதுதான் என்று எனக்குப் படுகிறது. 2002-இல் அங்கே தகவல் பாதுகாப்புக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. அந்த வட்டத்தில் 2004-இல் பிறந்த எஸ்க்ரிப்ட் கம்பெனியை போஷ் குழுமம் 2012-இல் வாங்கியது. 2019-இல் இதே துறைக்கு, ஜெர்மனியின் பெரிய ஆய்வு அமைப்பான மாக்ஸ் பிளாங்கின் நிறுவனமொன்றும் வந்து சேர்ந்தது. நிபந்தனைக் காலம் எதுவும் எழுதிக்கொள்ளாமல் அறுபது வருடமாக இருக்கிறது பல்கலைக்கழகம்.

இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, “நல்லதுதான்” என்றார். பிறகு, “மாலையில் அசெம்பிளி லைனில் நின்றவள், காலையில் ரகசியக் குறியீட்டு நிபுணர் ஆகிவிட்டாளா?” என்றார். பதில் இல்லை. மறுபயிற்சிக்கு ஒன்றியம் தந்த பணத்தில் பலர் வேறு வேலைக்குப் போனார்கள், பலருக்கு வயது ஐம்பது தாண்டியிருந்தது. “உங்கள் நிபுணர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. அவர்களுக்கு அவர்கள் கட்டடத்திலேயே காபி கிடைக்கிறது.” என் தீர்ப்பை உடைத்தவர், அதை ஒட்டவைக்க நான் கொண்டுபோன பசையையும் தட்டிவிட்டார். பல்கலைக்கழகம் நின்றது உண்மை. அது வேறு ஆட்களுக்கு நின்றது என்பதும் உண்மை.

இடம்பெயர்வு விஷயத்தில் சட்டம் கொஞ்சம் பாடம் படித்திருக்கிறது. 2017 முதல், முன்கூட்டி அனுமதி கேட்காமல் கொடுக்கும் வட்டார உதவிகளைப் பெறுகிறவர், கடந்த இரண்டு வருடத்தில் வேறு உறுப்பு நாட்டிலிருந்து இதே வேலையை இங்கே நகர்த்தவில்லை, முதலீடு முடிந்த பிறகு இரண்டு வருடம் வரைக்கும் நகர்த்த மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். பெரிய நிறுவனம் முதலீட்டை ஐந்து வருடம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். இரண்டு, ஐந்து. கடைக்காரம்மாவின் விரல் கணக்கில் இவையும் சின்ன எண்கள்தான். ஏர்பஸ்ஸுக்கு அரசுகள் கொடுத்தது வேறு மாதிரி. விமானம் விற்க விற்கத் திருப்பித் தரும் கடன், விற்காவிட்டால் அரசுக்கும் நஷ்டம். அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் பதினேழு வருடம் சண்டை போட்டது. ஆனால் 1969-இல் கையெழுத்தான திட்டம் இன்னும் துலூஸிலும் ஹாம்பர்க்கிலும் நிற்கிறது. அந்த அரசுகள் வெளியிலிருந்து யாரையும் கூட்டி வரவில்லை, ஊரில் ஏற்கெனவே விமானம் செய்துகொண்டிருந்தவர்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

வாய்க்காத ஊர்களின் பட்டியல் சமீபத்தில் நீள்கிறது. வடக்கே ஹைடெயில், முட்டைக்கோசு விளையும் சமவெளியில், நார்த்வோல்ட் பேட்டரி ஆலைக்கு 902 மில்லியன் உதவிக்கு பிரஸ்ஸல்ஸ் 2024 ஜனவரியில் சம்மதித்தது. அதற்கு வெளியே அரசு வங்கி வழியாக 600 மில்லியன் கடன் பத்திரமாகப் போயிருந்தது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் கம்பெனி திவால். எஃகுக் கம்பெனி ஆர்சலர் மிட்டல் இதற்கு நேர்மாறு. ப்ரேமனிலும் ஐசன்ஹூட்டன்ஸ்டாட்டிலும் கரியில்லா எஃகுக்கு மாற 1.3 பில்லியன் தருகிறோம் என்று அரசு சொல்லியும், 2025 ஜூனில் வேண்டாம் என்றது. ஆலை கட்டப் பணம் கிடைக்கும், ஆனால் நாளும் மின்சாரம் வாங்க யார் தருவார்? இன்டெல் ஆலை வரவிருந்த மாக்டெபுர்க்கின் கரிசல் மண் ஜெர்மனியிலேயே வளமானவற்றுள் ஒன்று. இன்டெலுக்கென்று ஒதுக்கிய 9.9 பில்லியன் கைமாறவில்லை. கைவிடுவதற்கு முன் திட்டத்தை முதலில் தள்ளிவைத்த அன்றே, அப்போதைய நிதியமைச்சர் லிண்ட்னர் அந்தப் பணத்தை பட்ஜெட் ஓட்டையை அடைக்க வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் கடையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வருட முடிவோடு கடை மூடுகிறார். முழங்கால் வலி, நிற்க முடியவில்லையாம். வருத்தமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “எனக்கு மானியமும் இல்லை, நிபந்தனைக் காலமும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம்” என்று கையை விரித்தார். அந்தக் கால அட்டவணையை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்று மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு, மாக்டெபுர்க் பற்றி விசாரித்தார். எவ்வளவு கோடி, எத்தனை தலை என்பதெல்லாம் அவர் கேட்கவில்லை.

“அங்கே ரயில் நிலையத்துக்கு முன்கூட்டியே பெயர் வைத்துவிட்டார்களா?”